மெதுவான படையும் வேகமான படையும்: ஹீரோஸ் 3 சொல்லிக்கொடுத்த கணக்கு

ஹீரோஸ் 3 என்ற கணினி விளையாட்டை ஆடுகிறவர்களிடம் அதில் வரும் ராம்பார்ட் நகரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதல் குறை அதன் குள்ளர் படையான ட்வார்ஃப் மேல்தான் வரும். அதன் வேகம் வெறும் 3. "இதுகளைக் கூட்டிக்கிட்டு எங்கே போய்ச் சேர்றது?" என்பார்கள். அடுத்த குறை டென்ட்ராய்ட், அதாவது நடக்கும் மரம். அதற்கும் வேகம் 3. விளையாட்டில் இதைவிடக் குறைந்த வேகத்தை நீங்கள் பெரும்பாலும் பார்க்க மாட்டீர்கள். எனக்கு ராம்பார்ட்தான் பிடித்த நகரம். எனவே மெதுவான படையை என்ன செய்வது என்ற கேள்வியோடு பல வருடங்கள் இருந்திருக்கிறேன். கிடைத்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3, நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் உருவாக்கி 1999-இல் வந்த விளையாட்டு. ஆடுகிறவர் ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுப்பார், ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனிப் படைகள். படையை நடத்திப் போகும் ஒரு ஹீரோவுக்குப் பின்னால் அதிகபட்சம் ஏழு வகைப் படை. பெரிய மேப்பில் நாளுக்கு நாள் நகர்ந்து சுரங்கம், புதையல், நகரம் பிடிக்க வேண்டும். எதிரியைச் சந்தித்ததும் திரை மாறி, அறுகோணக் கட்டங்கள் போட்ட போர்க்களம் வரும். ஒரே கணினியில் மாறி மாறி உட்கார்ந்து ஆடும் ஹாட்சீட் முறை இதில் உண்டு. நானும் தம்பியும் அப்படித்தான் ஆடி வளர்ந்தோம். அவன் எப்போதும் நெக்ரோபோலிஸ் நகரம், நான் ராம்பார்ட்.

வேகத்தைப் பற்றி எனக்குப் பிடிபட்ட முக்கியமான விஷயம் இதுதான்: மேப்பில் உங்கள் நடையைத் தீர்மானிப்பது உங்களிடம் இருப்பதிலேயே மெதுவான படை. போர்க்களத்தில் முதல் அடி யாருடையது என்று தீர்மானிப்பது இருப்பதிலேயே வேகமான படை. நடுவில் இருக்கும் ஐந்து படைகளுக்கும் இந்த இரண்டு முடிவுகளிலும் பங்கே கிடையாது. இது புரிந்த பிறகு படை சேர்க்கும் விதமே மாறிவிட்டது. எல்லாரையும் வேகமாக்க நான் மெனக்கெடுவதில்லை. இரண்டு முனைகளை மட்டும் கவனிக்கிறேன்.

முதலில் மேப். ஹீரோவுக்குக் காலையில் நடைப் புள்ளிகள் கிடைக்கும். அவரிடம் உள்ள மெதுவான படையின் வேகம் 3 என்றால் 1500 புள்ளி, 4 என்றால் 1560, 5 என்றால் 1630, 6 என்றால் 1700. இப்படியே ஏறிப்போய் 11-லும் அதற்கு மேலும் 2000-இல் நின்றுவிடும். புல்தரையில் நேராக ஒரு கட்டம் நகர 100 புள்ளி செலவு, குறுக்காகப் போனால் 141. ஆக ட்வார்ஃபோடு போகிறவர் ஒரு நாளில் 15 கட்டம் போவார். வேகம் 11-க்குக் குறையாத படை மட்டும் வைத்திருப்பவர் 20 கட்டம் போவார். கல் பதித்த சாலையில் கட்டத்துக்கு 50 புள்ளிதான், அங்கே இது 30-க்கும் 40-க்கும் ஆன வித்தியாசம். ஒரு வாரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். புல்தரையிலேயே 35 கட்டம் பின்தங்கிவிடுவோம். ஒரு சுரங்கமும் இரண்டு புதையல் பெட்டியும் அந்த 35 கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

ஹீரோவுக்கு லாஜிஸ்டிக்ஸ் என்ற திறமை இருந்தால் இந்த நடைப் புள்ளி 10, 20, 30 சதவீதம் என்று படிப்படியாகக் கூடும். நிலத்தில் நடக்கும் ஹீரோவுக்கு இதைவிடப் பயனுள்ள திறமை எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. ஆனால் அதுவும் சதவீதக் கணக்கு என்பதைக் கவனியுங்கள். 1500-இல் 30 சதவீதம் 450. 2000-இல் 600. மெதுவான படையோடு சுற்றும் ஹீரோவுக்கு லாஜிஸ்டிக்ஸும் குறைவாகத்தான் தரும்.

சரி, அப்படியானால் மெதுவான படையை வாங்கவே வேண்டாமா? வாங்கத்தான் வேண்டும். யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

நான் முக்கிய ஹீரோவைத் தொடக்க வாரங்களில் சென்டார் (பாதி மனிதன், பாதி குதிரை), எல்ஃப் (வில்லாளி), பெகாசஸ் (பறக்கும் குதிரை) மட்டும் வைத்து நடத்துவேன். சென்டாரும் வுட் எல்ஃபும் வேகம் 6, பெகாசஸ் 8. ஆக நாளுக்கு 1700 புள்ளி. ட்வார்ஃபும் டென்ட்ராய்டும் நகரத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். இரண்டாவது வார முடிவிலோ மூன்றாவது வாரத்திலோ, எதிரி நகரத்தை நோக்கிக் கிளம்பும் நேரம் வந்ததும், மதுக்கடையில் 2500 தங்கத்துக்குக் கிடைக்கும் இன்னொரு ஹீரோ அவர்களைக் கூட்டிக்கொண்டு பின்னால் வருவார். முக்கிய ஹீரோ வழியில் சுரங்கக் காவலர்களை அடித்துக்கொண்டு, புதையல்களைப் பொறுக்கிக்கொண்டு வளைந்து வளைந்து போவார். பின்னால் வருபவர் எங்கும் நிற்காமல் நேராக வருவதால் சந்திக்கும் இடத்துக்கு இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நடைப் புள்ளி கணக்கிடப்படுவது காலையில் மட்டும்தான். நடுப்பகலில் மெதுவான படையைக் கையில் வாங்கினால் அன்றைய நடை குறையாது, மறுநாள் காலையில்தான் குறையும். எனவே போருக்கு முந்தைய நாள் மாலை இரண்டு ஹீரோக்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும், டென்ட்ராய்டுகள் உதவி ஹீரோவிடம் இருக்க வேண்டும். காலையில் முக்கிய ஹீரோ முழு நடையோடு எழுந்து, முதல் வேலையாக டென்ட்ராய்டுகளை வாங்கிக்கொண்டு, அவர்களோடேயே முழு தூரமும் ஓடிப் போய் அடிக்கலாம். "அவ்வளவு தூரத்திலிருந்து நீ எட்ட மாட்டே" என்று தம்பி கணக்குப் போட்டு வைத்திருந்த இடங்களை எல்லாம் இந்த வழியில் எட்டியிருக்கிறேன். தினமும் இதைச் செய்ய முடியாது. உதவி ஹீரோ மெதுவான படையோடு அடுத்த நாளே பின்தங்கிவிடுவார். ஒரு நாள் பாய்ச்சலுக்கு மட்டும் இது உதவும்.

வேவு பார்க்கவும், காற்றாலை, நீர்ச்சக்கரம் என்று சுற்றிச் சேகரிக்கவும் வாடகைக்கு எடுக்கும் ஹீரோக்களுக்கும் இதே கவனம் வேண்டும். அவர்கள் வரும்போதே கையில் இரண்டு மூன்று வகைப் படை இருக்கும். அதில் மெதுவானவற்றைக் கழற்றி நகரத்தில் விட்டுவிட்டு, ஒரே ஒரு சென்டாரை மட்டும் கொடுத்து அனுப்பினால் போதும். சண்டை போடப் போகிறவர் இல்லையே.

தரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சதுப்பு நிலத்தில் ஒரு கட்டத்துக்கு 175 புள்ளி. 1500 புள்ளி உள்ளவர் அங்கே எட்டுக் கட்டத்தோடு உட்கார வேண்டியதுதான். ஆனால் படை முழுக்க அந்தத் தரைக்குச் சொந்தமானவர்களாக இருந்தால் இந்த அபராதம் கிடையாது. ஃபோர்ட்ரஸ் நகரத்துக்காரர்களுக்குச் சதுப்பு சொந்த மண். அவர்களுடைய நோல், லிசர்ட்மேன் எல்லாம் வேகம் 4-தான் என்றாலும், சதுப்பு நிறைந்த மேப்பில் வெளியூர்ப் படையை அவர்கள் எளிதாக முந்திவிடுவார்கள். எனவே மேப் திறந்ததும் நான் பார்ப்பது தரையின் நிறம். அதைப் பார்க்காமல் வேக எண்ணை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை.

அடுத்து மேம்படுத்தல், அதாவது காசு கொடுத்து ஒரு படையை அதன் பலமான வடிவத்துக்கு மாற்றுவது. காசு எப்போதும் பற்றாது என்பதால் எதை முதலில் மேம்படுத்துவது என்று எல்லாருக்கும் குழப்பம் வரும். பலர் விலையுயர்ந்த படையிலிருந்து கீழே இறங்குவார்கள். நான் முனைகளிலிருந்து தொடங்குவேன். ட்வார்ஃப் மேம்பட்டு பேட்டில் ட்வார்ஃப் ஆனால் வேகம் 3-லிருந்து 5. காசில் நகரத்தில் ஆர்ச்சர் மார்க்ஸ்மேன் ஆனால் 4-லிருந்து 6, பைக்மேன் ஹால்பர்டியர் ஆனால் 4-லிருந்து 5. நெக்ரோபோலிஸில் ஸ்கெலிடன் 4, ஸ்கெலிடன் வாரியர் 5. அங்கே வாக்கிங் டெட் மேம்பட்டு ஸோம்பி ஆனாலும் 4-தான். அதை மேம்படுத்தக் காசு செலவழிப்பதைவிட வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. தம்பி அதைத்தான் செய்வான். அவனுடைய மற்ற எல்லாப் படையும் 5-க்குக் குறையாததால் அவனுக்கு நாளுக்கு 1630 புள்ளி கிடைக்கும்.

இனி போர்க்களம். இங்கே கணக்கு தலைகீழ்.

ஒவ்வொரு சுற்றிலும் வேகமானவர் முதலில், மெதுவானவர் கடைசியில் என்ற வரிசை. ஹீரோ நேரடியாகச் சண்டை போடுவதில்லை, சுற்றுக்கு ஒரு மந்திரம் மட்டும் போடலாம். அதையும் தன் படையில் ஏதாவது ஒன்றின் முறை வரும்போதுதான் போட முடியும். ஆக உங்கள் படையில் மிக வேகமான ஒன்று எதிரியின் மிக வேகமானதை முந்தினால், முதல் மந்திரம் உங்களுடையது. சம பலம் உள்ள இரண்டு படைகள் மோதும்போது பாதிச் சண்டை அந்த முதல் மந்திரத்திலேயே முடிந்துவிடும்.

இந்த முந்துதலுக்குப் பெரிய படை தேவையில்லை. ஃபோர்ட்ரஸின் டிராகன் ஃப்ளை மூன்றாம் நிலை உயிரினம், விலை 240 தங்கம், வேகம் 13. காசிலின் ஏஞ்சல் ஏழாம் நிலை, விலை 3000 தங்கமும் ஒரு ரத்தினமும், வேகம் 12. ஒரே ஒரு டிராகன் ஃப்ளை கையில் இருந்தாலும் ஏஞ்சல் கூட்டத்துக்கு முன்னால் உங்கள் ஹீரோ மந்திரம் போட்டுவிடலாம். ஏஞ்சல் ஆர்க்கேஞ்சல் ஆகி 18-ஐத் தொட்டுவிட்டால் கதை வேறு. அதற்கு முன்னால் வரை அந்த ஒற்றைப் பூச்சிக்கு மதிப்பு அதிகம். ஏழு இடங்களில் ஒன்றை இப்படி ஒரு வேகமான ஒற்றை ஆளுக்கு ஒதுக்குவது எனக்கு வழக்கமாகிவிட்டது. வேறு நகரத்து ஆளைச் சேர்த்தால் படையின் மன உறுதி குறையும் என்பதால் சொந்த நகரத்திலிருந்தே எடுப்பேன்.

முதல் மந்திரம் கைக்கு வந்தால் எதைப் போடுவது? இங்கேதான் மெதுவும் வேகமும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. ஹேஸ்ட், ஸ்லோ என்று இரண்டு முதல் நிலை மந்திரங்கள். காற்று மந்திரத்தில் முழுத் தேர்ச்சி உள்ளவர் ஹேஸ்ட் போட்டால் மொத்தப் படைக்கும் வேகம் 5 கூடும். மண் மந்திரத்தில் முழுத் தேர்ச்சி உள்ளவர் ஸ்லோ போட்டால் எதிரிப் படை மொத்தத்துக்கும் வேகம் பாதியாகும். ஒன்று கூட்டல், இன்னொன்று வகுத்தல். இந்தச் சின்ன வித்தியாசத்தில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். மேம்பட்ட டென்ட்ராய்டான டென்ட்ராய்ட் சோல்ஜரின் வேகம் 4, ஹேஸ்ட் போட்டால் 9, இரண்டு மடங்குக்கு மேல். ஆர்க்கேஞ்சலுக்குப் போட்டால் 18 இருந்தது 23 ஆகும். அது முன்பே களம் முழுவதையும் ஒரே பறப்பில் எட்டும், கூடுதல் 5 அதற்கு எந்தப் பயனும் தராது. மாறாக ஸ்லோ போட்டால் ஆர்க்கேஞ்சல் 9 புள்ளி இழக்கும், டென்ட்ராய்ட் 2 புள்ளிதான் இழக்கும்.

ஆக உங்கள் படை மெதுவானது என்றால் இரண்டு மந்திரங்களும் உங்கள் பக்கம்தான். ஹேஸ்ட் உங்களுக்கு அதிகம் கொடுக்கும், எதிரி போடும் ஸ்லோ உங்களிடம் எடுக்க அதிகம் இல்லை. வேகமான படை வைத்திருப்பவர் ஸ்லோவுக்கு அஞ்ச வேண்டும். இதனால்தான் ராம்பார்ட் ஹீரோவுக்கு மண் மந்திரமோ காற்று மந்திரமோ கற்கும் வாய்ப்பு வந்தால் மற்ற எதையும் விட்டுவிட்டு அதைத்தான் எடுப்பேன்.

டிராகன்களை இதிலிருந்து தனியாக வைக்க வேண்டும். ராம்பார்ட்டின் கிரீன் டிராகன் முதல் மூன்று நிலை மந்திரங்களுக்கும், கோல்டு டிராகன் முதல் நான்கு நிலைகளுக்கும் கட்டுப்படாது. டஞ்சன் நகரத்தின் பிளாக் டிராகன் எந்த மந்திரத்துக்கும் கட்டுப்படாது. உங்கள் ஹேஸ்ட் அவற்றின் மேல் ஏறாது, எதிரியின் ஸ்லோவும் ஏறாது. கோல்டு டிராகனின் வேகம் 16 என்றால் என்ன நடந்தாலும் மந்திரத்தால் அது குறையாது. வேக முனைக்கு இதைவிட நம்பகமான ஆள் கிடையாது.

'காத்திரு' பொத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிதாக ஆடுகிறவர்கள் வேகமான படை கிடைத்ததும் முதல் சுற்றிலேயே பறக்கவிட்டு அடிப்பார்கள். அந்தப் படை எதிரிக் கூட்டத்தின் நடுவே தனியாக நிற்கும், மற்றவர்கள் வந்து சேர இரண்டு மூன்று சுற்று ஆகும். அதற்குள் சுற்றி வளைத்து முடித்துவிடுவார்கள். காத்திருந்தால் அந்தப் படை சுற்றின் கடைசிக்குப் போகும். காத்திருந்தவர்களுக்குள் மெதுவானவர் முதலிலும் வேகமானவர் கடைசியிலும் என்று வரிசை திரும்பிவிடும். ஆக உங்கள் வேகமான படை சுற்றின் கடைசி ஆளாக அடிக்கும். அடுத்த சுற்று தொடங்கியதும் முதல் ஆளாக மறுபடியும் அடிக்கும். நடுவில் எதிரிக்கு முறையே வராது. எதிரியைவிட ஒரு புள்ளி வேகம் கூடுதலாக இருந்தாலே இந்த இரட்டை அடி கிடைக்கும், பத்துப் புள்ளி கூடுதலாக இருப்பதால் இதில் பெரிதாக எதுவும் கூடாது.

தம்பியோடு ஆடிய ஒரு சண்டையில் இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. என் நகரத்துக்கு வெளியே, புல்தரையில். சொந்தத் தரை என்பதால் என் படைக்கு வேகம் ஒன்று கூடியிருந்தது. அவனிடம் கோஸ்ட் டிராகன் வேகம் 14, வாம்பயர் லார்டும் ட்ரெட் நைட்டும் 9, பவர் லிச் 7, அப்புறம் கணக்கில்லாத ஸ்கெலிடன் வாரியர்கள், வேகம் 5. என்னிடம் இருந்தவையும் மேம்பட்ட படைகள்: சில்வர் பெகாசஸ் 13, வார் யூனிகார்ன் 10, கிராண்ட் எல்ஃப் 8, பேட்டில் ட்வார்ஃப் 6, டென்ட்ராய்ட் சோல்ஜர் 5. டிராகன் இன்னும் வாங்கியிருக்கவில்லை.

எல்ஃபுகளைக் களத்தின் மூலையில் நிறுத்தியிருந்தேன். மூலையில் நிற்பவரைச் சுற்றி அடைக்க வேண்டிய கட்டங்கள் குறைவு. அந்தக் கட்டங்களில் டென்ட்ராய்டும் ட்வார்ஃபும். அவனுடைய கோஸ்ட் டிராகன்தான் முதலில். ஒரு மின்னல் மந்திரத்தை எல்ஃப் மேல் போட்டுவிட்டு, டிராகனை நேராக என் மூலைக்குப் பறக்கவிட்டான். எல்ஃபைத் தொடும் கட்டம் எதுவும் காலியாக இல்லாததால் டென்ட்ராய்டுக்குப் பக்கத்தில்தான் இறங்க முடிந்தது. அடித்தது. சில மரங்கள் விழுந்தன.

அடுத்தது என் பெகாசஸ் முறை. ஹீரோ ஸ்லோ போட்டார், அவன் படை மொத்தத்துக்கும். பெகாசஸைக் காத்திருக்க வைத்தேன், யூனிகார்னையும். எல்ஃபுகள் முறைக்கு இரண்டு அம்பு விடுகிறவர்கள், எல்லாம் டிராகன் மேல். ட்வார்ஃபுகள் ஒரு கட்டம் தள்ளி வந்து கோடாரியால் வெட்டின. டென்ட்ராய்ட் அடித்தால் அடிபட்டவரின் கால் வேரில் மாட்டிக்கொள்ளும், மரம் பக்கத்தில் நிற்கும் வரை நகர முடியாது. டிராகன் மாட்டிக்கொண்டது. சுற்றின் முடிவில் யூனிகார்ன், அதற்குப் பிறகு பெகாசஸ். இரண்டாவது சுற்று தொடங்கியதும் களத்தில் இப்போது மிக வேகமான படை என் பெகாசஸ். மறுபடியும் அதுவே அடித்தது, டிராகன்கள் முடிந்தன.

அந்த நேரத்தில் அவனுடைய வாம்பயர்கள் பாதி வழிகூட எட்டவில்லை, ட்ரெட் நைட்டுகள் அவற்றுக்குச் சற்றுப் பின்னால், எலும்புக்கூடுகள் கிளம்பிய இடத்திலிருந்து நாலைந்து கட்டம்கூட வரவில்லை. "என்னக்கா இது, என் ஆளுங்கள்ல பாதிப் பேரு இன்னும் சண்டைக்கே வரலையே!" என்றான். அவன் சொன்னது சரியான அலசல். அவன் படை மொத்தமாக என் படையைவிடப் பலமானது. ஆனால் 14, 9, 5 என்று வேகங்கள் அவ்வளவு விலகி இருந்ததால், ஒரு பெரிய படையாக வராமல் மூன்று சின்னப் படைகளாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. என் மெதுவான படைகள் நின்ற இடத்தை விட்டு ஒரு கட்டத்துக்கு மேல் நகரவே இல்லை, நகரத் தேவையும் இருக்கவில்லை. ஒவ்வொரு அலையும் என் மொத்தப் படையைச் சந்தித்தது.

அடுத்த ஆட்டத்திலேயே அவன் ஆடும் விதம் மாறிவிட்டது. டிராகனையும் வாம்பயரையும் பின்னால் நிறுத்தி வைத்தான். எலும்புக்கூடுகள் நடந்து நடந்து என்னை எட்டும் சுற்றில்தான் மேலிருந்து இரண்டும் இறங்கின. வேகமானவர்கள் மெதுவானவர்களுக்காகக் காத்திருந்து சேர்ந்து அடித்தார்கள். அவன் லிச்சுகளும் என் எல்ஃபுகளும் அதுவரை தூரத்திலிருந்தே ஒருவர்மேல் ஒருவர் எய்துகொண்டிருந்தார்கள். அது எனக்கு மிகக் கடினமான ஆட்டமாக இருந்தது, அவன்தான் ஜெயித்தான். என்னைக் கேட்டால் அந்தத் தொடரிலேயே சிறந்த ஆட்டம் அதுதான்.

களத்தின் அகலம் 15 கட்டம். எதிர் எதிராக நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் தொட 13 கட்டம் போல நடக்க வேண்டும். வேகம் 3 என்றால் ஐந்து சுற்று. அந்த ஐந்து சுற்றும் வில்லாளிகள் சும்மா இருக்க மாட்டார்கள். எனவே மெதுவான படையைக் கொண்டு முன்னேறித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்டிக்ஸ் திறமை கைகொடுக்கும். சண்டை தொடங்கும் முன்பே படையை முன்னால் நகர்த்தி நிறுத்திக்கொள்ளலாம், முழுத் தேர்ச்சியில் 7 கட்டம் வரைக்கும். 7 கட்டம் என்பது ட்வார்ஃபுக்கு இரண்டு சுற்றுக்கு மேற்பட்ட நடை. எதிரி ஹீரோவுக்கும் அதே திறமை இருந்தால் இந்தச் சலுகை குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மெதுவான படைக்கு விளையாட்டை உருவாக்கியவர்கள் ஈடு கொடுத்திருக்கிறார்கள் என்பதை விலைப் பட்டியலிலேயே பார்க்கலாம். டஞ்சனின் மினோட்டார் கிங்கும் டென்ட்ராய்ட் சோல்ஜரும் ஐந்தாம் நிலை. மினோட்டார் கிங் 575 தங்கம், உயிர் 50, வேகம் 8. டென்ட்ராய்ட் 425 தங்கம், உயிர் 65, வேகம் 4. மினோட்டார் அடிப்பதில் மிகப் பலமானவர், மறுக்கவில்லை. ஆனால் வில்லாளிக்கு முன்னால் சுவராக நிற்பதுதான் வேலை என்றால், அந்தக் காசுக்கு டென்ட்ராய்டில் கிடைக்கும் உயிர் அதிகம். இதைவிட அழகான ஈடு ஒன்று காசிலில் இருக்கிறது. அங்கே கவாலியர் குதிரைவீரர், எத்தனை கட்டம் ஓடி வந்து அடிக்கிறாரோ அத்தனைக்கும் கட்டத்துக்கு 5 சதவீதம் கூடுதல் அடி. அந்தக் கூடுதலை மொத்தமாக ரத்து செய்வது யார் தெரியுமா? வேகம் 4 உள்ள, முதல் நிலை பைக்மேன். ஓடி வரும் குதிரைக்கு எதிரே ஈட்டியை நீட்டி நிற்பவன். ஓட்டத்தின் பலனை நிற்பவனிடம் தோற்கவைத்த இந்த ஒரு விதியை யோசித்தவருக்கு நான் மனதார நன்றி சொல்வேன்.

மெதுவான படை முழுப் பலத்தோடு இருக்கும் இடம் சொந்த நகரத்தின் மதிலுக்குள்தான். கோட்டை கட்டி, அதைச் சிட்டடெல் ஆக்கினால் அகழியும் அம்பு விடும் ஒரு கோபுரமும் வரும். அதையும் மேம்படுத்திக் காசில் என்ற கட்டடம் ஆக்கினால் (காசில் நகரம் வேறு) இன்னும் இரண்டு கோபுரம். வரும் எதிரியின் தரைப்படை எவ்வளவு வேகமாக இருந்தாலும் கவண் மதிலை உடைக்கும் வரை வெளியேதான் நிற்க வேண்டும். உடைந்த பிறகும் அகழியில் கால் வைத்ததும் அந்த முறைக்கு நின்றுவிட வேண்டும், காயமும் படும். 9 வேகம் உள்ள ட்ரெட் நைட் அங்கே நின்று அம்பு வாங்கிக்கொண்டிருக்கும். உடைந்த இடைவெளியில் நீங்கள் ஒரு டென்ட்ராய்ட் கூட்டத்தை நிறுத்திவிட்டால் அந்த வழியும் அடைபட்டது. பறப்பவை மட்டும் உள்ளே வரும், அவற்றுக்கு எல்ஃபுகள் இருக்கிறார்கள்.

எனவே நீண்ட ஆட்டங்களில் ட்வார்ஃபுகளை நான் வெளியே அனுப்புவதே இல்லை. வாரம் வாரம் வாங்கி நகரத்திலேயே சேர்த்துவைப்பேன். ஒரு ட்வார்ஃப் 120 தங்கம், உயிர் 20, எதிரி மந்திரத்தை ஐந்துக்கு ஒரு முறை உதறித் தள்ளும் எதிர்ப்பும் உண்டு. பேட்டில் ட்வார்ஃப் ஆனால் அந்த எதிர்ப்பு 40 சதவீதம். முக்கிய ஹீரோ வேகமான படையோடு மேப்பின் மறுகோடியில் இருக்கும்போது, தம்பியின் வேவு ஹீரோ யாராவது என் நகரத்தின் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பார். உள்ளே இத்தனை ட்வார்ஃப் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். அந்த நகரத்தைப் பிடிக்க வேண்டுமானால் தம்பி தன் முக்கிய ஹீரோவையே அனுப்ப வேண்டும், அவரை அனுப்பினால் அவன் சொந்த நகரம் என் பெகாசஸ்களுக்கு முன்னால் திறந்து கிடக்கும்.

இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரசிகர்கள் உருவாக்கிய ஹெச்டி மாட் என்ற கூடுதல் நிரலைப் போட்டுக்கொண்டால் போர்க்களத்தின் அடியில் அடுத்து யார் முறை என்ற வரிசை தெரியும். முதல் சில ஆட்டங்களில் அந்த வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டே ஆடுங்கள். ஹேஸ்ட் போட்டதும் யார் யாரைத் தாண்டி முன்னால் வருகிறார்கள், ஸ்லோ போட்டதும் எதிரியின் எந்தப் படம் பின்னால் நகர்கிறது, காத்திரு அழுத்தியதும் வரிசை எங்கே மடங்குகிறது என்று கண்ணால் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும். நாங்கள் அந்தக் காலத்தில் வேகங்களை ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தோம். இன்றைக்கும் எந்த நகரத்தோடு ஆடினாலும், முதல் நாள் சுரங்கத்துக்குப் போகும் முன் அந்த ஏழு படைகளின் வேகத்தையும் ஒரு முறை பார்த்து, யாரை வீட்டில் விடுவது, யாரை முன்னால் வைப்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் ஹீரோவை நகர்த்துவேன்.